மாசிப் பனியும் மறுமொழியும்

யாழ்ப்பாணத்தில் வெளிநாட்டு அலுவல் எதையும் சரிவரும் வரைக்கும் வெளியில் சொல்ல மாட்டார்கள். விசாவுக்குப் போட்டிருந்தாலும் சரி, கலியாணப் பேச்சு நடந்தாலும் சரி, காணிக்கு விலை பேசினாலும் சரி, "முடிஞ்சாப் பிறகு சொல்லுவம்" என்பதுதான் வீட்டுச் சட்டம். கண்ணூறு படும், நாவூறு படும், பிழைத்துப்போனால் ஊருக்கு முகம் காட்டேலாது. நான் அமெரிக்காவிலும் கனடாவிலும் உள்ள பல்கலைக்கழகங்களுக்கு இலக்கியத்தில் கலாநிதிப் பட்டப் படிப்புக்கு விண்ணப்பித்தபோது அம்மா சொன்னதும் அதையேதான். "ஆருக்கும் மூச்சு விடாதை பிள்ளை. வந்தாப் பாப்பம்."

நான் எல்லாருக்கும் சொல்லிவிட்டேன். இப்போது மார்ச் நடுப்பகுதி. சில இடங்களில் இல்லையென்று வந்துவிட்டது. ஓரிடத்தில் காத்திருப்போர் பட்டியலில் வைத்திருக்கிறார்கள். மற்ற இடங்களில் ஒரு சத்தமும் இல்லை. முடிவு தெரியாத இந்த நேரத்திலேயே இதை எழுதவேண்டும் என்று நினைக்கிறேன். கிடைத்தவர்கள் பாராட்டுக் கூட்டத்தில் பேசுவார்கள், கிடைக்காதவர்கள் அந்தப் பேச்சையே எடுக்க மாட்டார்கள். நடுவில் என்ன நடக்கிறது என்பதைப் பின்னால் வருகிற பிள்ளைக்கு ஒருவரும் சொல்வதில்லை.

எங்களுடைய ஊரில் மருத்துவமோ பொறியியலோ படித்த பிள்ளைக்கு மேற்படிப்புக்குப் போகும் வழி தெரியும். முன்னால் போன அண்ணன்மார் அக்காமார் இருக்கிறார்கள். எந்தச் சோதனை எடுப்பது, எந்தப் பேராசிரியருக்கு எழுதுவது என்று சொல்லிக்கொடுக்க ஆள் இருக்கிறது. இலக்கியம் படித்தவர்களிலும் போனவர்கள் உண்டு. ஆனால் அவர்கள் போன கதை ஊருக்குத் தெரியவருவது, பெயருக்கு முன்னால் கலாநிதி என்று போட்ட பிறகுதான். அதனால் ஒவ்வொருவரும் அடியிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது. இதுதான் எனக்குக் கவலை. கண்ணூறுக்குப் பயந்து நாங்கள் மறைப்பது ஒரு செய்தியை மட்டுமல்ல, வழியையும் சேர்த்துத்தான்.

ஆகவே தேடித் தேடி அறிந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் இலக்கியத்தில் கலாநிதிப் பட்டத்துக்கு முதுகலைமாணி பெரும்பாலும் கட்டாயமில்லை. நாலு வருடச் சிறப்புக் கலைமாணியோடு நேரே விண்ணப்பிக்கலாம். அனுமதி கிடைத்தால் பெரும்பாலான நல்ல பல்கலைக்கழகங்களில் படிப்புக் கட்டணம் கட்டத் தேவையில்லை. ஐந்து வருடமளவுக்கு உதவித்தொகையும் தருவார்கள். அதற்குப் பதிலாக இளநிலை மாணவர்களுக்குப் படிப்பிக்க வேண்டும். "அவ்வளவு காசுக்கு எங்க போறது" என்று தொடங்காமலே கைவிட்ட என் வகுப்புத் தோழிகளுக்கு இது தெரியாது. பட்டப்பின் படிப்புக்கு விண்ணப்பிப்பவர்கள் எடுக்கும் ஜி.ஆர்.ஈ. என்ற பொதுப் பரீட்சையை இப்போது பல இலக்கியத் துறைகள் கேட்பதில்லை. ஆங்கில இலக்கியத்துக்கென்று தனியாக இருந்த ஜி.ஆர்.ஈ. பாடப் பரீட்சை 2021உடன் நின்றே போய்விட்டது. கேட்பது, இரண்டு பக்கமளவில் ஒரு நோக்க அறிக்கை, 20 பக்கமளவில் ஓர் ஆய்வுக் கட்டுரை, மூன்று பரிந்துரைக் கடிதங்கள், பட்டப்படிப்பின் பெறுபேற்றுப் பத்திரம், ஆங்கிலப் பரீட்சைப் புள்ளி. இவற்றுக்குள் ஆளைக் காட்டுவது ஆய்வுக் கட்டுரைதான். மற்றதெல்லாம் வாசலில் நிற்கும். அதுதான் உள்ளே போய்ப் பேசும்.

காசுக் கதையையும் மறைக்கக் கூடாது. ஒரு விண்ணப்பத்துக்கு 100 டொலர் என்று வையுங்கள். டொலர் 300 ரூபாய் என்றால் அது 30,000 ரூபாய். என்னைப் போன்ற தற்காலிக உதவி விரிவுரையாளர் ஒருவர் அதைப் பல இடங்களுக்குக் கட்ட முடியாது. ஆனால் எழுதிக் கேட்டால் சில இடங்களில் கட்டணத்தை விலக்குவார்கள். சில பல்கலைக்கழகங்கள் அந்தச் சலுகையைத் தங்கள் நாட்டவருக்கு மட்டும் வைத்திருக்கின்றன. எங்கே உண்டு, எங்கே இல்லை என்பதை ஒவ்வொரு இடத்துக்கும் எழுதித்தான் அறியவேண்டும். கூச்சப்படாமல் கேளுங்கள். நான் கேட்டதில் எனக்கு இரக்கத்தோடு மறுமொழி எழுதியவர்கள் எல்லாரும் துறை அலுவலகத்தில் வேலை செய்யும் ஒருங்கிணைப்பாளர்கள்தான். அவர்களுடைய பெயர் எந்த நூலின் நன்றியுரையிலும் முதலில் வராது, ஆனால் வெளிநாட்டு மாணவர் ஒருவருக்குக் கதவைத் திறந்து விடுவது பெரும்பாலும் அவர்கள்.

எனக்கு முந்தின ஓர் அக்கா 2022இல் காத்திருந்தவர். அந்த வருடம் மார்ச்சில் 200 ரூபாய்ப் பக்கம் இருந்த டொலர் சில கிழமைகளில் 300ஐத் தாண்டியது. மாதக் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு. ஜெனரேட்டர் வைத்திருந்த கடையொன்றின் வாசலில் இருந்து போனுக்குச் சார்ஜ் ஏற்றிக்கொண்டு, ஒரு பல்கலைக்கழகத்தோடு இணையவழி நேர்முகத்துக்கு இருந்தாராம். பின்னால் மண்ணெண்ணெய்க்கு நின்ற வரிசையில் இருந்தவர்கள் சத்தம் போடாமல் இருந்து கொடுத்தார்களாம். இவ்வளவும் அவர் எனக்குச் சொன்னது போன வருடம், நான் நேரே போய்க் கேட்ட பிறகு. முதலே தெரிந்திருந்தால் எங்களில் எத்தனை பேருக்குத் துணிவு வந்திருக்கும்!

எனக்கு வந்தது வெள்ளம். நவம்பர் கடைசியில் டித்வா புயல் அடித்து நாடே தண்ணீரில் நின்றபோது, டிசம்பர் 1ஆம் திகதி முடியும் விண்ணப்பம் ஒன்று அரைகுறையாகக் கிடந்தது. இணைப்பு வருவதும் போவதுமாக இருந்தது. மலைநாட்டில் மண்சரிவில் ஆட்கள் போய்க்கொண்டிருந்த செய்திகளுக்கு நடுவில் நோக்க அறிக்கையைத் திருத்தவே மனம் வரவில்லை. நிலைமையைச் சொல்லி அந்தத் துறைக்கு எழுதினேன். சில நாட்கள் தந்தார்கள். கடைசி விண்ணப்பம் போனது திருவெம்பாவை நாட்களில். விடியப்புறம் சங்கும் சேமக்கலமுமாய் ஆட்கள் ஒழுங்கையால் பாடிக்கொண்டு போக, நான் அடிக்குறிப்புகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன்.

பரிந்துரைக் கடிதம் எழுதித் தந்தவர்களைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். ஒவ்வொரு பல்கலைக்கழகமும் அவர்களுக்குத் தனித்தனியாக இணைப்பு அனுப்பும். ஒவ்வொன்றிலும் புகுந்து, மாணவி முதல் 5 வீதத்துக்குள்ளா 10 வீதத்துக்குள்ளா என்ற கட்டங்களுக்கெல்லாம் புள்ளடி போட்டு, கடிதத்தைத் தரவேற்ற வேண்டும். சம்பளமில்லாத வேலை. எனக்கு எழுதியவர்களில் ஒருவர் ஓய்வுபெற்றவர், கண் சத்திரசிகிச்சை செய்து ஆறிக்கொண்டிருந்தவர். "நீர் யோசிக்காதையும், நான் மகளைக் கொண்டு ஏத்திவிக்கிறன்" என்றார். இப்போது கிழமைக்கொருக்கால் போன் எடுத்துக் கேட்கிறார். அவரும் என்னோடு சேர்ந்து காத்திருக்கிறார்.

விண்ணப்பம் போன பிறகு அங்கே நடப்பது இதுதான். துறையின் பேராசிரியர்கள் சிலர் ஒரு குழுவாக இருந்து ஜனவரியில் கோப்புகளை வாசிப்பார்கள். பெயர்பெற்ற ஆங்கிலத் துறைகளுக்குச் சில நூறு விண்ணப்பங்கள் வரும். எடுப்பது பெரும்பாலும் பத்துப் பேர் அளவில். தமிழ் படிப்பிக்கும் தெற்காசியத் துறைகளில் விண்ணப்பமும் குறைவு, இடம் அதைவிடக் குறைவு. ஒரு வருடம் தமிழுக்கு ஒருவரை எடுத்தால் அடுத்த வருடம் எடுக்காமலும் விடலாம். நீங்கள் சொன்ன தலைப்பை வழிநடத்தக்கூடிய பேராசிரியர் அடுத்த வருடம் ஆய்வு விடுமுறையில் போகிறாரா, ஏற்கனவே அவரிடம் நிறையப் பேர் படிக்கிறார்களா, உதவித்தொகைக்குக் காசு எவ்வளவு ஒதுக்கியிருக்கிறது என்பதெல்லாம் கோப்புக்கு வெளியே தீர்மானமாகும். சில இடங்களில் பெப்ரவரி அளவில் நேர்முகம் வைப்பார்கள். எடுக்கிற ஆட்களுக்குத் துறையிலிருந்து ஒருவர் நேரடியாக எழுதுவார், அல்லது போன் எடுப்பார். இல்லையென்ற கடிதம் பெரும்பாலும் பிந்தித்தான் வரும். சில வேளை மார்ச் முடிய.

வருவதும் நடுச்சாமத்துக்குப் பிறகு. நியூ யோர்க்கில் குளிர்காலத்தில் பின்னேரம் 5 மணி என்றால் எங்களுக்கு விடிய 3.30. சிக்காகோ என்றால் 4.30. அங்கே ஒருவர் வீட்டுக்குப் போகமுன் கடைசி வேலையாக அனுப்பும் மின்னஞ்சல் இங்கே நுளம்பு வலைக்குள் வெளிச்சமாக விழும். "மாசிப் பனி மூசிப் பெய்யும்" என்று அம்மம்மா சொல்லுவா. அந்த நேரத்தில் கிணற்றடிப் பக்கமிருந்து வரும் குளிரில் கை விறைக்கும். வந்த மின்னஞ்சலில் முடிவு இருக்காது. உங்கள் விண்ணப்பத்தின் நிலை மாறியிருக்கிறது, உள்ளே போய்ப் பாருங்கள் என்று மட்டும் இருக்கும். பயனர் பெயர், கடவுச்சொல், பிறகு போனுக்கு வரும் குறியீடு. சுற்றிக்கொண்டே நிற்கும் வட்டம். கடிதம் திறக்கும். விண்ணப்பித்தமைக்கு நன்றி என்று தொடங்கினால் மேலே வாசிக்கத் தேவையில்லை. இருந்தாலும் ஒவ்வொரு தரமும் கடைசி வரி வரைக்கும் வாசித்திருக்கிறேன். யாரோ ஒருவர் என் கட்டுரையை வாசித்தார் என்பதற்கு ஒரு சொல்லாவது அதற்குள் இருக்குமா என்று தேடுவேன்.

அம்மாவுக்கு நித்திரை லேசு. அடுத்த அறையில் இருந்து கேட்பா.

"என்ன பிள்ளை?"

"இல்லையாமம்மா."

"சரி. படு. விடிய அப்பத்துக்குப் புளிக்க வைச்சிருக்கிறன்."

அதற்குமேல் அவ ஒன்றும் சொல்ல மாட்டா. 90களில் மின்சாரம் இல்லாத யாழ்ப்பாணத்தில் குப்பி விளக்கில் படித்து உயர்தரம் எடுத்தவ. அவவுடைய மறுமொழி எத்தனையோ மாதம் பிந்தி வந்தது. காத்திருப்பது என்றால் என்னவென்று அவவுக்கு நான் விளங்கப்படுத்த வேண்டியதில்லை.

ஊருக்குச் சொன்னதால் நல்லதும் நடந்தது, கஷ்டமும் இருக்கிறது. "மறுமொழி வந்திட்டுதோ?" என்று கடைக்கார அண்ணை கேட்பார், கோயிலில் பூ ஆயும் மாமி கேட்பா, என்னிடம் படிக்கும் முதலாம் வருடப் பிள்ளைகள் கேட்பார்கள். சில நாள் அந்தக் கேள்வியைத் தாங்க முடியாமல் பின்னொழுங்கையால் சைக்கிளை உருட்டிக்கொண்டு போவேன். ஆனால் அந்த முதலாம் வருடப் பிள்ளைகளில் ஒருத்தி, விரிவுரை முடிந்த பிறகு கதவடியில் நின்று, "மிஸ், இலக்கியத்துக்கும் காசு தந்து படிப்பிப்பினமோ?" என்று கேட்டாள். நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் அவள் அந்தக் கேள்வியைக் கேட்டிருக்க மாட்டாள். இதற்காகவே பத்து மாமிமாரின் கேள்வியைத் தாங்கலாம்.

கடினமான கேள்வியைக் கேட்டவர் பெரியப்பா. "தமிழ் எழுத்தைப் படிக்க அமெரிக்காவுக்கோ? கம்பஸ் இஞ்ச இருக்கு, புத்தகம் இஞ்ச இருக்கு, எழுதினவையும் இஞ்சதானே இருந்தவை?" பல்கலைக்கழகங்கள் நோக்க அறிக்கையில் கேட்பதும் கிட்டத்தட்ட இதேதான். ஏன் எங்களிடம் வருகிறீர்? அவர்களுக்கு நான் பேராசிரியர்களின் பெயர்களைச் சொல்லி எழுதிவிட்டேன். பெரியப்பாவுக்கு அது காணாது.

என் ஆய்வு யாழ்ப்பாணத்துச் சிற்றிதழ்களைப் பற்றியது. 1946 முதல் 1948 வரை வந்த மறுமலர்ச்சியில் தொடங்கி, 1966இல் டொமினிக் ஜீவா தொடங்கிய மல்லிகைக்கு ஊடாக, பத்திரிகை அச்சடிக்கத் தாள் கிடைக்காத போர்க்காலம் வரைக்கும், ஒரு சிறிய ஊர் தனக்கென்று ஒரு வாசகர் கூட்டத்தை எப்படி உண்டாக்கிக் காப்பாற்றியது என்று பார்க்க விரும்புகிறேன். புத்தகம் இஞ்ச இருக்கு என்று பெரியப்பா சொன்னது அரைவாசிதான் உண்மை. 1981 ஜூன் தொடக்கத்தில் பொது நூலகம் எரிந்தபோது 97,000 அளவில் நூல்களும் சுவடிகளும் போயின. பழைய இதழ்களின் முழுத் தொகுதிகளும் அதற்குள் போயின. மிஞ்சியவை வீடுகளில் இருந்தவை, கொழும்பில் இருந்தவை, கடல் கடந்து போனவை. 2005 முதல் "நூலகம்" என்ற இணையவழி எண்ணிம நூலகத்தில் தன்னார்வலர்கள் பக்கம் பக்கமாக வருடி ஏற்றியிருக்காவிட்டால் என் ஆய்வுக் கட்டுரையை எழுதியே இருக்க முடியாது.

வீடுகளில் இருந்தவை என்று சொன்னேனே, அதில் ஒன்றை நேரில் பார்த்தேன். வடமராட்சியில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர். விறாந்தையில் கதிரையைப் போட்டு இருக்கச் சொல்லிவிட்டு உள்ளே போய் ஒரு தகரச் சூட்கேசைத் தூக்கிக்கொண்டு வந்தார். பூட்டுத் துருப்பிடித்து, சணல் கயிற்றால் கட்டியிருந்தது. உள்ளே யூரியாப் பை, அதற்குள் பொலித்தீன், அதற்குள் இதழ்கள். வலிகாமத்தில் சம்பந்தியார் வீட்டில் அவர் இருந்த நாளில், 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி அந்தப் பகுதி முழுதும் இரவோடிரவாக இடம்பெயர்ந்தபோது சைக்கிள் கரியரில் கட்டிக் கொண்டுபோனது. செம்மணி வெளியில் அடைமழை. "சோத்துப் பானையை விட்டிட்டு இதைக் கொண்டுபோறியள் எண்டு மனிசி பேசினவ" என்றார். சில இதழ்களின் ஓரத்தில் கறையான் தின்ற கோடு பக்கத்துக்குப் பக்கம் ஒரே இடத்தில் ஓடுகிறது. ஒன்றின் பின்னட்டையில் பென்சிலால் சந்தாக் கணக்கு எழுதியிருக்கிறது, ஆர் ஆர் காசு தரவேண்டும் என்று. எந்த எண்ணிமப் பிரதியிலும் இல்லாத அந்தப் பென்சில் கணக்குத்தான் எனக்குத் தேவைப்பட்ட வாசகர் கூட்டம். ஞாயிற்றுக்கிழமைகளில் போய்ப் படம் எடுத்து வருகிறேன். கதவடிக்கு வரும்போதெல்லாம் அவரும் கேட்பார், "மறுமொழி என்ன மாதிரி?"

அப்படியானால் இங்கேயே இருந்து செய்யலாமே? பெரியப்பாவுக்கு நான் சொன்ன பதில், எங்களுடைய இலக்கிய விமர்சகர் கைலாசபதி. பேர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் ஜோர்ஜ் தொம்சன் என்ற கிரேக்க மொழிப் பேராசிரியரிடம் போய்ச் சங்கப் பாடல்களைக் கிரேக்க வீரயுகப் பாடல்களோடு வைத்து ஆராய்ந்தார். அந்த ஆய்வை 1968இல் ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழக அச்சகம் நூலாக வெளியிட்டது. கரவெட்டியில் பிறந்த இன்னொரு விமர்சகரான சிவத்தம்பியும் அதே தொம்சனிடம் போய்ப் பண்டைத் தமிழ்ச் சமூகத்து நாடகத்தை ஆராய்ந்தார். சங்கப் பாடல் தெரியாமல் அவர்கள் போகவில்லை. இன்னொரு இலக்கியத்தை அடிமுதல் அறிந்த ஒருவருக்குப் பக்கத்தில் இருந்து பார்த்தபோது, எங்களுடைய இலக்கியத்திடம் கேட்கக்கூடிய கேள்விகளே மாறின. 1974இல் யாழ்ப்பாண வளாகம் தொடங்கியபோது அதன் முதல் தலைவராக வந்தவர் கைலாசபதி. சிவத்தம்பியும் பிறகு அந்த வளாகம் இருக்கும் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் வந்து படிப்பித்தார். வங்காளத்திலும் கரீபியனிலும் சின்ன ஊர்கள் சின்ன இதழ்களை எப்படி நடத்தின என்பதை ஐந்து வருடம் வேறு கவலையில்லாமல் இருந்து வாசித்தால்தான் வடமராட்சிச் சூட்கேசுக்குள் இருப்பது என்னவென்று எனக்கு முழுதாக விளங்கும். இதைத்தான் பெரியப்பாவுக்குச் சொன்னேன், இதைவிட நீட்டி.

பெரியப்பா கேட்டுக்கொண்டிருந்தார். வெற்றிலைத் தட்டத்தை ஒதுக்கி வைத்துவிட்டு, "அவை ரெண்டு பேரும் திரும்பி வந்தவை. நீ வருவியோ?" என்றார்.

அவருடைய பிள்ளைகள் மூன்று பேரும் வெளியில். மூத்தவன் லண்டன், மற்ற இருவரும் ரொறன்ரோ. எட்டு அறை வீட்டில் அவரும் பெரியம்மாவும்தான். அவர் முதலில் கேட்டதும் இதைத்தான், சுற்றி வளைத்துக் கேட்டிருக்கிறார். நான் "வருவன் பெரியப்பா" என்றேன். எனக்கு அது வாய்ப்பேச்சு இல்லை. ஆனால் திரும்பி வருவதற்கு ஒரு நிரந்தரப் பதவி இருக்க வேண்டும். எங்களைப் போன்ற தற்காலிக விரிவுரையாளர்களின் ஒப்பந்தம் வருடா வருடம் முடிவது. வருவேன் என்று சொல்பவர்களிடம் மட்டும் இந்தக் கேள்வியைக் கேட்டுப் பயனில்லை, வரவேற்க வேண்டிய இடங்களையும் கேட்க வேண்டும்.

ரொறன்ரோ மாமா கேட்டது வேறு. "இலக்கியம் படிச்சு என்ன வேலை எடுக்கப் போறாய் மருமகள்?" ரொறன்ரோ பல்கலைக்கழக ஸ்காபரோ வளாகத்தில் தமிழ் இருக்கைக்கு, அதாவது நிரந்தரத் தமிழ்ப் பேராசிரியர் பதவி ஒன்றுக்கு, 30 இலட்சம் டொலர் சேர்த்தபோது காசு கொடுத்தவர்களில் மாமாவும் ஒருவர். ஹாவார்ட் தமிழ் இருக்கைக்கு 60 இலட்சம் அமெரிக்க டொலர் சேர்ந்ததும் உலகெங்குமுள்ள தமிழர்களிடம் இருந்துதான். மாமா பெருமையோடு அந்தப் பற்றுச்சீட்டை வைத்திருக்கிறார். "மாமா, நீங்கள் காசு குடுத்தது ஒரு பேராசிரியருக்கு. அவரிட்டைப் படிக்க ஆர் வருவினம்?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "விண்ணப்பக் காசு எவ்வளவு பிள்ளை?" என்றார். தமிழ் இருக்கைகளுக்குக் கொடுத்தவர்கள் அனைவரும் இதை யோசிக்க வேண்டும் என்று நான் மனதார விரும்புகிறேன். இருக்கை ஒன்றுக்குப் பெருந்தொகை சேர்க்கத் தெரிந்த எங்களுக்கு, யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் மலையகத்திலும் இருந்து விண்ணப்பிக்கும் பிள்ளைகளின் விண்ணப்பக் கட்டணத்துக்கு ஒரு சிறு நிதி வைப்பது பெரிய காரியமா?

இல்லையென்று வந்த கடிதங்களைப் பற்றி. முதலாவது வந்தபோது என் கட்டுரையை எடுத்து வைத்துக்கொண்டு எந்தப் பக்கத்தில் பிழை என்று தேடினேன். இப்போது அப்படித் தேடுவதில்லை. இது எங்களுக்கு மட்டும் நடப்பதில்லை. 2024 நவம்பரில் பொஸ்ரன் பல்கலைக்கழகம் ஆங்கிலம், வரலாறு, மெய்யியல் உட்படப் பல துறைகளில் அடுத்த வருடத்துக்குக் கலாநிதிப் பட்ட மாணவரை எடுப்பதில்லை என்று அறிவித்தது. 2025 ஓகஸ்டில் சிக்காகோவும் மானுடக் கலைத் துறைகள் பலவற்றில் 2026-27 கல்வியாண்டுக்கு அனுமதியை நிறுத்தியது. ஏ. கே. ராமானுஜன் மூன்று தசாப்தங்கள் அளவில் இருந்து சங்கப் பாடல்களை உலகத்துக்குக் கொடுத்த பல்கலைக்கழகம் அது. அங்கே போக நினைத்தவர்கள் எல்லாரும் இந்த வருடம் மற்ற இடங்களுக்கு விண்ணப்பித்திருப்பார்கள். இடம் குறைந்து ஆள் கூடிய வருடத்தில் வரும் இல்லை என்ற சொல்லை வைத்து, உங்கள் எழுத்துக்கு நீங்களே புள்ளி போடாதீர்கள். ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்வேன். ஒரு பிரிவில் இந்த வருடம் ஆள் எடுப்பதில்லை என்று தெரிந்தால், விண்ணப்பக் காசை வாங்க முன்னம் அதைச் சொல்லிவிட வேண்டும். பொஸ்ரனும் சிக்காகோவும் முன்கூட்டியே சொன்னது கசப்பானாலும் நேர்மை.

இனிக் காத்திருப்போர் பட்டியல். அந்தக் கடிதத்தை எழுதியவர் துறையின் பட்டப்பின் படிப்புப் பொறுப்பாளர். என் கட்டுரையில் சந்தாக் கணக்கைப் பற்றிய பகுதியைக் குறிப்பிட்டு ஒரு வரி எழுதியிருந்தார். அந்த வரியை அடுத்த ஞாயிறு வடமராட்சியில் ஆசிரியருக்குத் தமிழில் வாசித்துக் காட்டினேன். பட்டியல் வேலை செய்வது இப்படி. முதலில் அனுமதி கொடுத்தவர்களில் யாராவது வேண்டாம் என்றால் அந்த இடம் பட்டியலில் உள்ளவருக்கு வரும். கலியாண வீட்டுப் பந்தி மாதிரித்தான், ஒருவர் எழும்பினால்தான் அடுத்தவர் இருக்கலாம். அமெரிக்கப் பட்டப்பின் கல்லூரிகள் பல சேர்ந்து செய்துகொண்ட உடன்பாட்டின்படி, உதவித்தொகையோடு அனுமதி பெற்ற மாணவர் ஏப்ரல் 15 வரைக்கும் யோசிக்கலாம், அதற்கு முன்னம் பதில் சொல் என்று நெருக்கக் கூடாது. நல்ல விதி. மார்ச்சில் அனுமதி பெற்றவர்களைப் பல்கலைக்கழகங்கள் கூப்பிட்டுச் சுற்றிக் காட்டுவார்கள், பேராசிரியர்களோடு பேசவிடுவார்கள், ஓரிடத்து உதவித்தொகையை இன்னோரிடத்தோடு ஒப்பிட அவகாசம் கிடைக்கும். வாழ்க்கையில் ஐந்தாறு வருடத்தைக் கொடுக்கப் போகிறவருக்கு அந்த அவகாசம் வேண்டும்.

எங்களுக்கு இந்த வருடம் அந்தத் திகதி சித்திரைப் புத்தாண்டுக்கு அடுத்த நாள். நியூ யோர்க்கில் 15ஆம் திகதி நள்ளிரவு ஆகும்போது இங்கே 16ஆம் திகதி காலை 9.30. அதற்குப் பிறகும் சில இடம் அசையும். கடைசி நாளில் ஒருவர் விலக, உடனே அடுத்தவருக்கு எழுதி, ஓரிரு நாளில் பதில் கேட்பதும் நடப்பதுண்டு. அப்படி வந்தால் கேட்ட நாளே பதில் சொல்லக்கூடியதாகக் கடவுச்சீட்டு, பெறுபேற்றுப் பத்திரம், வங்கிக் கடிதம் எல்லாம் ஓர் உறையில் எடுத்து வைத்திருக்கிறேன். வராவிட்டால் வருகிற டிசம்பரில் மறுபடி விண்ணப்பிப்பேன், சந்தாக் கணக்குப் பகுதியைப் பெருப்பித்து. அதற்கிடையில் சூட்கேசை முழுதாகப் படம் எடுத்து முடித்துவிட வேண்டும்.

இதை வாசிப்பவர்களிடம் இரண்டு கேட்கிறேன். ஒன்றுக்கு மேற்பட்ட இடத்தில் அனுமதி கிடைத்து, எங்கே போவதென்று மனதுக்குள் முடிவெடுத்துவிட்ட ஒருவர் இருந்தால், மற்ற இடங்களுக்கு இன்றைக்கே எழுதிவிடுங்கோ. இரண்டு வரி போதும். ஏப்ரல் 15 வரைக்கும் வைத்திருப்பது உங்கள் உரிமை. ஆனால் போகமாட்டேன் என்று தெரிந்த இடத்தை வைத்திருக்கும் ஒவ்வொரு நாளும், எங்கோ ஒரு வீட்டில் ஒருவர் விடியப்புறம் எழும்பிப் போனைப் பார்க்கிறார். அது நானாக இருக்க வேண்டும் என்றில்லை, என் துறையாகக்கூட இருக்க வேண்டாம்.

மற்றது, வருகிற டிசம்பரில் விண்ணப்பிக்க நினைக்கும் பிள்ளைகளுக்கு. என் நோக்க அறிக்கையையும், கட்டண விலக்குக் கேட்டு எழுதிய கடிதத்தையும், எந்தெந்த இடம் வெளிநாட்டவருக்கு விலக்குத் தருகிறது என்று நான் குறித்து வைத்த தாளையும் கேட்டால் அனுப்புவேன். எனக்குக் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் அனுப்புவேன். ஆய்வுக் கட்டுரையை ஓகஸ்டிலேயே தொடங்குங்கோ. பரிந்துரைக் கடிதம் கேட்பவர்களிடம் ஒக்டோபர் பிறக்க முன்னம் போய்க் கேளுங்கோ. ஆங்கிலப் பரீட்சைக்கு முன்கூட்டியே பதிந்து வையுங்கோ. வீட்டில் மூச்சு விடாதை என்று சொன்னால், அம்மாவிடம் இந்தக் கட்டுரையை வாசித்துக் காட்டுங்கோ.